எந்தப் பெட்டி

பேபிக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. பதினேழு வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரைக்கும் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். உள்பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைத்து அடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. இடைசெவலில் முத்துசெல்வத்துக்கு வாழ்க்கைப்பட்டபோது அண்டா குண்டாவோடு ஒரு கால்மெஷினும் வேனில் வந்து இறங்கியது. காட்டு வேலை இல்லாத நாளில் ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தாள். மாசமான பிறகும் தைத்தாள். "போதும்ட்டி, மெஷின மிதிச்சது" என்று மாமியார் கோமதியம்மாள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

2002ஆம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, ஏழாம் மாசம் முடியவில்லை, துணி அலசிக்கொண்டிருந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். ஆயிரத்து நூறு கிராம். அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்தான். பேபி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸ் ஒருத்தி துண்டில் சுருட்டிக் கொடுக்க, முத்துசெல்வம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டர் நந்தகோபாலின் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மூன்றாம் நாள்தான் பேபியை அங்கே கூட்டிப் போனார்கள். மாடியில் ஒரு அறை. கண்ணாடிக் கதவு. உள்ளே மூன்று கண்ணாடிப் பெட்டிகள். செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு போனாள். சொர்ணத்தாய் என்ற மூத்த நர்ஸ் இரண்டாவது பெட்டியைக் காட்டினாள். உள்ளே செக்கச்செவேலென்று, தோலுக்குள் நரம்பு தெரிய, விரல் நீளத்துக்குக் காலும் கையுமாக ஒன்று கிடந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், பாதத்தில் சிவப்பாக மினுங்கும் ஒரு ஒயர்.

"தொட்டுப் பாரும்மா. ஒண்ணும் ஆகாது."

பேபி தொடவில்லை. அவள் மனசில் எதுவுமே வரவில்லை. பாசம் பொங்கும், அழுகை வரும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள். யாருடைய பிள்ளையையோ பார்க்கிற மாதிரி இருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையில் தாய் பேரைத்தான் போட்டிருந்தார்கள். 'பேபி ஆஃப் பேபி.' நர்ஸ்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறவளுக்கு, உள்ளே "பேபி மூச்சு விடல, பேபிய பாரு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று ஒரு நொடி நெஞ்சு நின்றுவிடும்.

குறைமாசப் பிள்ளைகள் மூச்சு விட மறந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறந்தால் பெட்டிக்கு மேலிருக்கும் மெஷின் கீகீகீ என்று மணி அடிக்கும். சொர்ணத்தாய் ஓடிவந்து பெட்டியின் ஓட்டை வழியே கையை விட்டு உள்ளங்காலைச் சுண்டுவாள். பிள்ளைக்கு நினைவு வந்து மூச்சை இழுக்கும். மணி நிற்கும். ஒரு நாளைக்கு நாலு தடவையும் அடிக்கும், பத்துத் தடவையும் அடிக்கும். வெளியே நிற்கிறவர்களுக்கு எந்தப் பெட்டி என்று தெரியாது. மூன்றுக்கும் ஒரே சத்தம்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் தாய்மார் பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். முதலில் இரண்டு மில்லி, பிறகு நாலு மில்லி, குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் போகும். பேபி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் நடந்தாள். மாடிப்படியிலிருந்து கண்ணாடிக் கதவு வரை, திரும்ப மாடிப்படி வரை. நடக்காத நேரம் கையைக் கழுவினாள். கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்துவிட்டது. கொண்டுவந்திருந்த பழைய வேட்டித் துணிகளைக் கிழித்து, மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. படுத்தால் மணிச் சத்தம் காதுக்குள் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் அடித்திருக்காது.

"ஒரு எடத்துல உக்காருதாளா பாரு" என்பாள் கோமதியம்மாள். "அன்னைக்கு மெஷின மிதிக்காதட்டின்னு சொன்னப்போ கேட்டிருந்தா இன்னைக்கு இந்த நட நடக்க வேண்டியதில்ல." மனசில் வைத்துச் சொல்கிறவள் அல்ல கோமதியம்மாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுப்பாள். ஆனால் பேபி ஒவ்வொரு தடவை படிக்கட்டுக்கும் கதவுக்கும் நடக்கும்போதும் அவள் கால், மெஷினை மிதித்த மாதிரியே ஏறி இறங்கியது.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. "பேபி மாதிரி ஒரு அம்மாவ நான் பாத்ததில்ல, கடிகாரம் தோத்துப்போகும்" என்று சொர்ணத்தாய் டாக்டரிடம் மெச்சிச் சொன்னாள்.

மூன்றாவது பெட்டியில் இருந்தது நாகலாபுரத்துப் பூங்கொடியின் பையன். பூங்கொடிக்கும் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். அவள் புருஷன் மானாவாரிக் காட்டில் மிளகாயும் மல்லியும் போட்டிருந்தான், களையெடுப்பு நேரம் என்பதால் வந்து வந்து போனான். பூங்கொடி அழுகிற ஜாதி. ஒவ்வொரு மணிக்கும் அழுவாள். அழுதுவிட்டு நன்றாகத் தூங்குவாள். "எப்பிடிக்கா நீங்க அழாம இருக்கீக?" என்று பேபியிடம் கேட்டாள். பேபி பூங்கொடியின் துணிகளையும் வாங்கிக் கிழித்து மடித்துக் கொடுத்தாள்.

முதல் பெட்டிப் பிள்ளை தேறி வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பெட்டிகள் மிச்சம்.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணி. பால் கொடுக்கிற நேரம். பேபியும் பூங்கொடியும் கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். இருவர் கையிலும் சில்வர் டம்ளர். மணி அடித்தது.

பேபி அன்றைக்கு என்ன நினைத்தாள் என்பது பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும். 'அவளோடதா இருக்கட்டும். எங்க பெட்டியா இருக்க வேண்டாம். அவளோடதா இருக்கட்டும், சாமி.' வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லாக நினைத்தாள். சொர்ணத்தாய் ஓடினாள். இரண்டாவது பெட்டியைத் தாண்டி மூன்றாவதுக்குப் போனாள். பேபிக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. நல்ல வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்த மாதிரி.

மணி நிற்கவில்லை. சொர்ணத்தாய் உள்ளங்காலைச் சுண்டினாள், தேய்த்தாள், தட்டினாள். டாக்டர் நந்தகோபால் கீழேயிருந்து இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். கதவுத் திரையை இழுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து பூங்கொடியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பூங்கொடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். பால் பேபியின் காலில் தெறித்தது.

மத்தியானம் பூங்கொடியின் புருஷன் வந்து வெள்ளைத் துணியில் சுற்றிய பையனை வாங்கிக்கொண்டான். படியிறங்குவதற்கு முன் பூங்கொடி திரும்பி வந்து பேபியின் வெடித்துப்போன கையைப் பிடித்தாள். "உங்க புள்ளையாவது நல்லா இருக்கட்டும்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகு பேபியால் அந்தக் கதவுக்குள் போக முடியவில்லை. தலைவலி என்றாள், தும்மல் வருகிறது, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்றாள். பாலை மட்டும் பீய்ச்சிக் கதவிடுக்கு வழியாகச் சொர்ணத்தாயிடம் நீட்டினாள். நடையும் கூடிப்போனது. அவளுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது: நான் நினைத்தேன், நடந்துவிட்டது. இனி அடுத்த மணி எனக்கு. நான் அதைப் பார்க்கப் பார்க்க, அது போவதற்குத்தான் வழி செய்கிறேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த இரண்டு நாளும் கண்ணை மூடவில்லை. முத்துசெல்வம் சாயங்காலம் வரும்போது அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், "இன்னைக்கு எத்தன கிராம்?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை ஒரு நாளும் தெரியாமல் இருந்ததில்லை. அவன் அதை மனசில் போட்டுக்கொள்ளாமல் சொர்ணத்தாயிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

பதினான்காம் நாள் காலை ஒன்பது மணிப் பாலைக் கொடுத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வாரேன் அத்த" என்று கோமதியம்மாளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். டீக்கடையைத் தாண்டினாள். கால் நிற்கவில்லை. ரயில்வே கேட் இருக்கும் திசையில் கொஞ்ச தூரம் போனவள் சட்டென்று நின்றாள். எதிரே வந்த சைக்கிள்காரன் "பாத்துப் போம்மா" என்று வைதுவிட்டுப் போனான். திரும்பி, ஏறக்குறைய ஓடுகிற மாதிரி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். கிளம்பிக்கொண்டிருந்த தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று பார்த்தாள்.

எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழை குடித்து ஊறி, கன்னங்கரேலென்று, பருத்தியும் கம்பும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. பேபி எதையும் பார்க்கவில்லை. முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, விட்டு, பிடித்துக்கொண்டு வந்தாள். குறுக்குச்சாலையில் இறங்கி வேறு பஸ் மாறி, பன்னிரண்டு மணி வாக்கில் புதியம்புத்தூர் வந்து சேர்ந்தாள். அப்பா அம்மா செத்துப்போய், பிறந்த வீடு என்று அங்கே ஒன்றும் கிடையாது. நேரே கம்பெனிக்குப் போனாள்.

தீபாவளி ஆர்டர் முடிந்து பொங்கல் ஆர்டர் தொடங்கிய நேரம். நீளக் கூரைக் கொட்டகையில் இருபது மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மேஸ்திரி தவசி ஆச்சரியப்பட்டார். "ஏ, நம்ம பேபி! வாம்மா. இடைசெவல்ல எல்லாரும் சுகமா?"

"சுகந்தான் அண்ணாச்சி. சும்மா வந்தேன். காலி மெஷின் இருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே கடைசி வரிசையைக் காட்டினார். பழைய நினைப்பில் ஆசைக்கு நாலு பீஸ் அடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பேபி உட்கார்ந்தாள். மோட்டாரைப் போட்டாள். ஒரு பட்டியை மடித்து ஊசிக்கு அடியில் கொடுத்தாள். துணி ஓடியது. பதினான்கு நாளில் முதல்முறையாகக் காதுக்குள் மணி அடிக்கவில்லை. இருபது மெஷின் சத்தம் அதை மூடிவிட்டது. அவள் நிமிரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் "டீ வந்திருக்கு, எந்திரிட்டி" என்றபோதும் தலையை மட்டும் ஆட்டினாள். முடித்த பாவாடைகள் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன.

பால் நேரம் பன்னிரண்டு போய்விட்டது. மூன்றும் ஆகிவிட்டது. மார்பு இரண்டும் கல்லாகக் கட்டி வலித்தது. கீழே கிடந்த வெட்டுத் துணியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதுவும் நனைந்தது.

தவசியின் மனைவி செல்வலட்சுமி அந்தக் கொட்டகையிலேயே துணி வெட்டுகிறவள். பாவாடைக் குவியலை எடுக்க வந்தவள் குனிந்தபடி பேபியின் மாராப்பைப் பார்த்தாள். கைநீட்டி மோட்டாரை அணைத்தாள்.

"ஏட்டி, பால் வடியுதுட்டி ஒனக்கு. எப்பப் பெத்த? புள்ள எங்க?"

"பெட்டியில இருக்கு மதினி."

செல்வலட்சுமி முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பிள்ளை பெட்டியில் இருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான், சவப்பெட்டி. "ஐயோ, எம்மா" என்று பேபியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "எப்ப தவறிச்சு? எப்பம்மா?"

"இல்ல மதினி, இல்ல இல்ல." பேபி பதறிப்போய் அவளைத் தள்ளினாள். "கண்ணாடிப் பெட்டி. ஆஸ்பத்திரியில. உசுரோட இருக்கு. எம்புள்ள உசுரோட இருக்கு மதினி."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது. பெற்ற நாளிலிருந்து வராத அழுகை. மெஷின் மேல் கவிழ்ந்து, ஊசி கன்னத்தில் கீறியதுகூடத் தெரியாமல் அழுதாள். செல்வலட்சுமி அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், வெந்நீர்த் துணி வைத்துப் பாலைப் பீய்ச்சிவிட்டாள். தவசி அவளிடமிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்.

கோவில்பட்டியில் அதற்குள் என்னென்னவோ நடந்திருந்தது. பத்தரை மணிக்குக் கோமதியம்மாள் டீக்கடையில் போய்த் தேடினாள். பதினொன்றுக்கு முத்துசெல்வத்துக்கு ஆள் போனது. பொண்டாட்டியைக் காணோம் என்றதும் கரிசல்காட்டுக்காரன் முதலில் எங்கே போவானோ அங்கேதான் அவனும் போனான். தண்டவாளத்தை ஒட்டி நடந்து பார்த்தான். அப்புறம் கிணறு கிணறாகப் பார்த்தான்.

போன் வந்ததும் சொர்ணத்தாய், பேபியைப் போனுக்குக் கூட்டிவரச் சொல்லிப் பேசினாள்.

"அக்கா, புள்ள?"

"நல்லா இருக்கா. நீ கூடக்கொடுத்த பால எடுத்து வச்சிருந்தேன், அது ஓடிச்சு. நீ எங்கன இருக்கியோ அங்கனயே இரு. ஒத்தையில கெளம்பாத. ஒன் வீட்டுக்காரர அனுப்புதேன்."

"அக்கா, மணி அடிச்சிச்சா?"

"காலையில இருந்து ரெண்டு தடவ. சுண்டுனேன், முழிச்சிக்கிட்டா."

பேபி போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். தான் பக்கத்தில் இல்லாதபோதும் மணி அடித்திருக்கிறது. அடித்து, நின்றும் இருக்கிறது.

முத்துசெல்வம் வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றான். முழங்கால் வரை கரிசல் சகதி காய்ந்து வெடித்திருந்தது. வழியெல்லாம் ஏசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தான் போல. அவளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"நாலு கெணறு எட்டிப் பாத்தேன்" என்றான். "நாலாவதுல ஒரு சேல மெதந்துச்சு. எறங்கிட்டேன். வெறுஞ்சேல."

செல்வலட்சுமி கொடுத்த காப்பியை வாங்கியபோது பாதி தரையில் கொட்டியது. பேபி அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்ததும் சொர்ணத்தாய் அவளை மருந்து வைக்கும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சுற்றிவளைக்காமல் கேட்டாள். "செத்துரணும்னு தோணுச்சா?"

"ரயில்வே கேட்டுப் பக்கம் போனேன். போகப்போக எனக்கு என் மேலயே பயமா இருந்துச்சு. அதான் பஸ் ஏறிட்டேன்."

அப்புறம் பூங்கொடி பையனைப் பற்றியும் சொன்னாள். மணி அடித்தபோது நினைத்ததை ஒரு சொல் விடாமல் சொன்னாள். சொர்ணத்தாய் அதிர்ச்சி காட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "அந்தப் பையனுக்கு ரத்தத்துல கிருமி. முந்தின நாளே டாக்டர் சொல்லிட்டாரு, பொழைக்கிறது கஷ்டம்னு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஒறங்காம நடந்ததப் பாத்து ஒன்ன மெச்சினேன் பாரு. என்னச் சொல்லணும்" என்றாள்.

டாக்டர் நந்தகோபால் மறுநாள் பேபி, முத்துசெல்வம், கோமதியம்மாள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். பேபிக்கு வந்திருப்பது ஒரு நோய், பிள்ளை பெற்றவர்களுக்கு வருவது, பிள்ளை பெட்டிக்குள் கிடந்தால் இன்னும் கூடுதலாக வருவது, மருந்து இருக்கிறது என்றார். திருநெல்வேலியில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். "ரெண்டு வாரமா புள்ளையோட எடையத்தான் பாத்தேன். இந்தப் பொண்ணு மொகத்த நிமுந்து பாக்கல" என்றார்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" கோமதியம்மாள் எழுந்துவிட்டாள். "ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன பேசுவாக? மெஷின மிதிச்சா, அதுல கொற மாசமாயிட்டு. அதுக்கு மண்டைக்கு மருந்தா?"

"மெஷின் மிதிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார் டாக்டர். "மிதிக்காம படுத்தே கெடந்திருந்தாலும் அந்தப் புதன்கிழம இது நடந்திருக்கும். இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்."

கோமதியம்மாள் திரும்ப உட்கார்ந்தாள். முத்துசெல்வம் அம்மாவைப் பார்க்காமல் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நாளைக்குப் போறோம்" என்றான்.

திருநெல்வேலி டாக்டர் பால் கொடுக்கிறவர்களுக்குத் தோதான ஒரு மாத்திரையும், தூக்கத்துக்குச் சில நாளைக்கு ஒன்றும் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார், அப்படியே ஆனது. கோமதியம்மாள் அந்த மாத்திரைகளைப் பழைய சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் "சத்து மாத்திர" என்று சொன்னாள். ஆனால் ஒரு வேளை தவறியதில்லை. தண்ணீரும் மாத்திரையுமாகப் பேபி முன்னால் வந்து நின்று, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வாள்.

பிள்ளை ஆயிரத்து முந்நூறு கிராம் ஆனதும் டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். பிள்ளையை வெளியே எடுத்துத் தாயின் நெஞ்சில், தோலோடு தோலாகப் போட்டு வைக்க வேண்டும், தாய் அசையாமல் சாய்ந்து உட்கார வேண்டும் என்றார். பேபிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. சொர்ணத்தாய் நாற்காலியில் அவளைச் சாய்த்து, பிள்ளையைத் தவளைக்குட்டி மாதிரி நெஞ்சில் கவிழ்த்து, துணியால் சுற்றினாள். பேபியின் கால் தரையைத் தட்டியது. விரல்கள் துடித்தன. வேர்த்துக் கொட்டியது. நாலு நிமிஷத்தில், "எடுத்துருங்கக்கா, எடுத்துருங்க" என்றாள். சொர்ணத்தாய் எடுத்துவிட்டாள்.

மறுநாள் ஏழு நிமிஷம். அதற்கடுத்த நாள் மூன்றே நிமிஷம். ஒரு நாள் நெஞ்சில் இருக்கும்போதே மணி அடித்தது. பேபி அலறிவிட்டாள். "நீயே சுண்டு" என்றாள் சொர்ணத்தாய், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு. பேபி துணிக்குள் கையை விட்டு, பயறு மாதிரி இருந்த அந்தக் குதிகாலைத் தேடிப் பிடித்துச் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்து ஒரு மூச்சை இழுத்தது. மணி நின்றது. அன்றைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பத்தாறாம் நாள் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது கிராமோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். முத்துச்செல்வி என்று பேர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மணி இல்லாத வீடு பேபிக்கு இன்னும் பயமாக இருந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து வைத்துப் பிள்ளையை எழுப்பிவிட்டாள். ஒருமுறை திருநெல்வேலி டாக்டர் மாத்திரையைக் கூட்ட வேண்டி வந்தது. எல்லாரும் சொன்ன அந்தப் பாசம் எப்போது வந்தது என்று கேட்டால் அவளால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஐந்தாம் மாசத்தில் ஒரு நாள் பிள்ளை தும்மிவிட்டுத் தன் தும்மலுக்கே பயந்து விழித்ததைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த பிறகுதான், தான் சிரித்ததைக் கவனித்தாள்.

சித்திரை மாசம் தடுப்பூசி போடப் பிள்ளையைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனாள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பூங்கொடியைப் பார்த்தாள். கையில் ஒரு மஞ்சப் பை, மெலிந்திருந்தாள். பேபிக்கு ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் பூங்கொடி பார்த்துவிட்டாள்.

"அக்கா! அந்தப் புள்ளையா இது?"

"ஆமா பூங்கொடி." அதற்கு மேல் தாங்கவில்லை பேபிக்கு. பஸ் ஹாரனுக்கும் முறுக்கு விற்பவன் கூப்பாட்டுக்கும் நடுவில், நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். "அன்னைக்கு மணி அடிச்சப்போ ஒம்புள்ளையா இருக்கட்டும்னு நெனச்சேன். எம்புள்ளையா இருக்க வேண்டாம்னு. ஒங்கிட்ட மறச்சிட்டுத் திரிய முடியல."

பூங்கொடி அவளை உற்றுப் பார்த்தாள். முகம் இறுகியது. அடிக்கப்போகிறாள் என்றே பேபி நினைத்தாள்.

"நானும் அதத்தான நெனச்சேன்" என்றாள் பூங்கொடி. "மணி அடிச்ச நேரமெல்லாம். முக்காவாசி ஒங்க பெட்டிதான் அடிக்கும். தப்பிச்சோம்னு இருக்கும். அழுறதுல பாதி அதுக்குத்தான்."

பிள்ளை பூங்கொடியின் மஞ்சப் பையைப் பிடிக்கக் கையை நீட்டியது. பூங்கொடி ஒரு அடி பின்னால் போனாள்.

"தூக்கலன்னு தப்பா நெனைக்காதீக. இன்னும் முடியல."

"தப்பா நெனைக்கல."

"ராத்திரியெல்லாம் படபடன்னு வருதுக்கா. எந்திரிச்சுக் காட்டுக்குப் போயிருதேன். அவிய தேடி வந்து கூட்டிட்டு வாராக."

பேபி பையைத் துழாவி, மடித்து வைத்திருந்த திருநெல்வேலி டாக்டர் சீட்டை எடுத்தாள். ஆஸ்பத்திரிப் பேர் அச்சடித்திருந்த மேல்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். "நான் போறது இங்கனதான். இன்னும் மாத்திர சாப்பிடுதேன். வாரியா? திங்கக்கெழம நானும் போகணும். பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டு இருக்கேன்."

பூங்கொடி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். நாகலாபுரம் பஸ் வந்து நின்றது, ஜனம் முண்டியது. காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பேபி பிள்ளையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். முத்துசெல்வமும் கூட வந்திருந்தான். இரண்டு திருநெல்வேலி பஸ்களை விட்டுவிட்டார்கள். மூன்றாவது பஸ்ஸுக்குக் கண்டக்டர் விசில் ஊதும்போது பூங்கொடியின் புருஷன் முன்னாலும், நாலடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பூங்கொடியும் வந்தார்கள்.